முறிந்த முதுகும் மீண்ட வாழ்வும்

பழந்தமிழ் நாட்டில் முதுகில் பட்ட காயத்திற்குப் புறப்புண் என்று பெயர். மார்பில் பட்ட புண் வீரனுக்கு அணிகலன். முதுகில் பட்ட புண்ணோ மாறாத இழுக்கு. வெண்ணிப் போர்க்களத்தில் கரிகாலனோடு பொருது முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன், அதற்கு நாணி வடக்கிருந்து உயிர் துறந்தான் என்பதைப் புறநானூற்றின் வாயிலாக அறிகிறோம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டதும் முதுகுக் காயத்தைப் பற்றியதே. ஆனால் இது போர்க்களத்தில் நேர்வது அன்று, சாலையில் நேர்வது. வேலாலும் வாளாலும் அன்றி வேகத்தால் விளைவது. வீரம், கோழைமை என்னும் பேச்சுக்கே இதில் இடமில்லை. ஆயினும் இந்தக் காயத்தையும் ஒருவகை இழுக்கு நெடுங்காலம் பின்தொடர்ந்தே வந்திருக்கிறது. முதலில், இதற்கு ஆளானவனை 'இவன் பிழைக்கமாட்டான்' என்று கைவிட்டார்கள். பிறகு, 'இவன் பொய் சொல்கிறான்' என்று ஐயுற்றார்கள். பிழைத்து எழுந்தவனையோ 'இனி எதற்கும் பயன்படமாட்டான்' என்று மூலையில் ஒதுக்கினார்கள். இந்த மூன்று தீர்ப்புகளும் எவ்வாறு எழுதப்பட்டன, பின்னர் எவ்வாறு மாற்றப்பட்டன என்பதே இந்தப் பேச்சின் பொருள்.

வரலாற்றுக்குள் புகுமுன் முதுகின் அமைப்பைச் சற்றே பார்த்துவிடுவோம். முதுகுத்தண்டு ஒரே எலும்பு அன்று. கழுத்தில் 7, மார்பின் பின்புறம் 12, இடுப்பில் 5 என முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழே ஒன்றோடொன்று ஒட்டிப்போன சிறு எலும்புகள் உள்ளன. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை போன்ற வட்டுகள் இருப்பதால்தான் நாம் குனியவும் நிமிரவும் திரும்பவும் முடிகிறது. இந்த அடுக்கின் நடுவே குழாய் போல் அமைந்த வழியில் மூளையிலிருந்து இறங்கி வருகிறது தண்டுவடம். சிறுவிரல் பருமனே உள்ள இந்த வடத்தின் நீளம் வளர்ந்த ஆண்மகனிடத்தில் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர். கைகால்களை அசைக்க மூளை இடும் கட்டளையும், உடலின் தொடுவுணர்வும், சிறுநீரை அடக்கும் ஆற்றலும் இதன் வழியாகவே செல்கின்றன.

எலும்பு முறிந்தால் கூடிவிடும். தண்டுவடம் நசுங்கி அறுபட்டால் மீண்டும் கூடுவதில்லை. இந்த வேறுபாட்டை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். முதுகு முறிந்தவர்களில் பலர், வடத்திற்கு ஊறு நேராமையால் சில மாதங்களில் எழுந்து நடக்கிறார்கள். வடமும் கெட்டால், கெட்ட இடத்திற்குக் கீழே உடல் செயலற்றுப் போகிறது. மார்புக்குப் பின்னால் முறிந்தால் கால்கள் போகும். கழுத்தில் முறிந்தால் கைகளும் சேர்ந்து போகும்.

இந்த உண்மையை மனிதன் மிகப் பழங்காலத்திலேயே கண்டுகொண்டான். 1862ஆம் ஆண்டில் எகிப்தில் லக்ஸர் நகரத்தில் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் ஒரு பழஞ்சுவடியை விலைக்கு வாங்கினார். கி.மு. 1600ஐ ஒட்டி எழுதப்பட்டதும், அதனினும் பழைய மூலம் ஒன்றின் படியுமாகிய அந்தச் சுவடியை 1930இல் பிரெஸ்டெட் என்னும் அறிஞர் மொழிபெயர்த்து வெளியிட்டார். 48 நோயாளிகளின் காயங்கள் அதில் வரிசையாக விளக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றுக்கும் வைத்தியன் மூன்று தீர்ப்புகளுள் ஒன்றைக் கூறுகிறான்: இது குணப்படுத்தத் தக்கது, இது முயன்று பார்க்கத் தக்கது, இது சிகிச்சைக்கு உரியதன்று. கழுத்தெலும்பு பிசகிக் கைகால் உணர்விழந்து, தன்னறியாமல் சிறுநீர் சொட்டும் ஒருவனை அந்தச் சுவடி வருணிக்கிறது. அவனுக்குக் கிடைத்தது மூன்றாவது தீர்ப்பு. இன்றைய மருத்துவர் ஒருவர் படித்தாலும் நோய்க்குறிகளில் ஒன்றையும் திருத்தமாட்டார். தீர்ப்பைத்தான் திருத்துவார். அந்தத் திருத்தத்திற்கு மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் ஆயின.

இடையே முயற்சிகள் இல்லாமல் இல்லை. நம் நாட்டில் சுசுருத சம்ஹிதை, தொடையும் முதுகும் போன்ற இடங்களில் முறிவு நேர்ந்தவனைக் கதவுப் பலகை போன்ற படுக்கையில் கிடத்தி, அசையாதபடி முளைகள் அடித்துக் கட்டும் முறையைக் கூறுகிறது. அசையாமல் வைத்தல் என்பதே முதற்சிகிச்சை என்னும் அறிவு அதில் இருக்கிறது. கிரேக்க நாட்டில் ஹிப்போகிராட்டீஸின் காலத்தில், முதுகு வளைந்தவனை ஏணியில் கட்டி உயரத்திலிருந்து குலுக்கி இறக்கும் வழக்கம் இருந்தது. கூட்டத்தை வாய்பிளக்க வைப்பதற்கென்றே இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று அவருடைய நூல் கடிந்து கூறுகிறது. ரோமாபுரியில் வாழ்ந்த காலன் என்னும் மருத்துவர் விலங்குகளின் தண்டுவடத்தைப் பல இடங்களில் குறுக்கே அறுத்து, எந்த இடத்தில் அறுத்தால் எந்த உறுப்பு செயலிழக்கிறது என்று கண்டறிந்தார். அறிவு வளர்ந்தது, ஆனால் நோயாளியின் கதி மாறவில்லை.

அக்காலங்களில் முதுகு முறிந்தவர் யார்? மரத்திலிருந்து விழுந்தவர், சுவர் இடிந்து நசுங்கியவர், போரில் வெட்டுண்டவர். மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் குடை சாய்ந்து அடிபட்டவர்களும் உண்டு. ஆயினும் பயணம் என்பது அதுவரை உயிரினத்தின் கால்வேகத்தை மீறவில்லை. அதை மீறிய நாள் 1830 செப்டம்பர் 15. இங்கிலாந்தில் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே இரயில் பாதை திறக்கப்பட்ட அன்றே, ஹஸ்கிசன் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் இயந்திரத்தில் அடிபட்டு உயிரிழந்தார். வேகம் தனக்குரிய வரியை முதல் நாளிலேயே வசூலித்துக்கொண்டது.

இரயில் விபத்துக்கள் பெருகியபோது வைத்தியர்கள் ஒரு புதுமையைக் கண்டார்கள். வண்டி மோதுகிறது. ஒரு பிரயாணி காயம் ஏதுமின்றி இறங்கி, தானே நடந்து வீட்டுக்குப் போகிறார். இரண்டொரு நாளில் முதுகு வலிக்கிறது. உறக்கம் வருவதில்லை, கை நடுங்குகிறது, கணக்குப் பார்க்க முடிவதில்லை, இரயில் சத்தம் கேட்டாலே உடல் பதறுகிறது. உடம்பில் ஒரு கீறலும் இல்லை. இந்த நிலைக்கு 'ரயில் முதுகு' என்றே பெயர் வழங்கலாயிற்று.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரியின் அறுவைச் சிகிச்சைப் பேராசிரியரான ஜான் எரிக் எரிக்சன், 1866இல் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மோதலின் அதிர்ச்சி தண்டுவடத்தைக் குலுக்கி, கண்ணுக்குத் தெரியாத கேட்டினை உள்ளே விளைவிக்கிறது என்பது அவருடைய கொள்கை. வழக்கு மன்றங்களில் இந்த நூல் பேராயுதமாயிற்று. காயம்பட்டவரின் வக்கீல் அதைக் கையிலேந்தி நஷ்டஈடு கேட்டார். இரயில் கம்பெனிகள் சும்மா இருக்குமா? லண்டன் அண்டு நார்த் வெஸ்டர்ன் இரயில்வேயின் டாக்டராக இருந்த ஹெர்பர்ட் பேஜ் என்பவர் 1883இல் மறுப்பு நூல் எழுதினார். வடத்தில் கேடு ஏதும் இல்லை. அச்சத்தினால் நரம்பு மண்டலம் அடைந்த அதிர்ச்சியே இது என்பது அவர் வாதம்.

இரண்டு டாக்டர்களும் அறிஞர்களே. ஆனால் நீதிமன்றத்தில் அவர்களுடைய கருத்து வேறுபாடு வேறொரு வடிவம் எடுத்தது. காயம் கண்ணுக்குத் தெரியாவிட்டால், காயம்பட்டதாகச் சொல்பவன் பணத்திற்காக நடிக்கிறான் என்னும் சந்தேகம் எழுந்தது. அக்காலத்தில் எக்ஸ் கதிர் இல்லை. ராண்ட்ஜன் அதைக் கண்டுபிடித்தது 1895இல்தான். ஆகவே வலியை அளப்பதற்கு நோயாளியின் சொல்லைத் தவிர வேறு சான்று இல்லை. உண்மையாகவே துன்புற்றவர்களும் பொய்யர் என்னும் பழியைச் சுமந்து கூண்டில் நின்றார்கள். புறப்புண்ணின் இழுக்கு இவ்வாறு வேறு உருவில் திரும்பி வந்தது.

அந்தத் துன்பம் நடிப்பு அன்று என்பதற்கு உலகறிந்த ஒருவர் சான்றாக இருந்தார். ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1865 ஜூன் 9 அன்று பிரயாணம் செய்த இரயில், ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்னும் ஊருக்கு அருகே, பழுது பார்ப்பதற்காகத் தண்டவாளம் கழற்றப்பட்டிருந்த பாலத்தில் கவிழ்ந்தது. பத்துப் பேர் மாண்டனர். டிக்கன்ஸின் பெட்டி பாலத்தின் விளிம்பில் தொங்கி நின்றது. அவர் வெளியேறி, கீழே இறங்கி, அடிபட்டவர்களுக்குத் தம் தொப்பியில் நீர் மொண்டு கொடுத்தார். உடம்பில் காயம் ஏதும் அவருக்கு இல்லை. ஆனால் அதன்பின் இரயிலேறும்போதெல்லாம் அச்சம் அவரைப் பற்றிக்கொண்டது. நடுக்கம் அவரை விட்டு நீங்கவில்லை. ஐந்தாண்டுகள் கழித்து, 1870இல், அதே ஜூன் 9ஆம் நாள் அவர் காலமானார். அவருக்கு யாரிடமும் நஷ்டஈடு கேட்க வேண்டிய தேவை இல்லை. எனினும் துன்பம் அவரிடம் இருந்தது.

இரயிலுக்குத் தண்டவாளம் உண்டு. மோட்டாருக்கு அது இல்லை. அயர்லாந்தில் மேரி வார்டு என்னும் அம்மையார் நுண்ணோக்கி ஆராய்ச்சியில் புகழ்பெற்றவர். 1869 ஆகஸ்டு 31 அன்று, உறவினர்கள் கட்டிய நீராவி வண்டியில் அவர் சென்றபோது, ஒரு வளைவில் தூக்கி எறியப்பட்டுச் சக்கரத்தின் கீழ் விழுந்தார். கழுத்து முறிந்து உடனே உயிர் நீங்கிற்று. தானே இயங்கும் வண்டியால் சாலையில் நேர்ந்த முதல் மரணங்களுள் ஒன்று அது. முதுகுத்தண்டின் முறிவே அதற்குக் காரணமாயிற்று என்பது நினைக்கத் தக்கது. 1896இல் லண்டனில் ஒரு மாது மோட்டாரில் அடிபட்டு இறந்தபோது, இத்தகைய நிகழ்ச்சி இனி ஒருபோதும் நேராது என்று நம்புவதாக மரண விசாரணை அதிகாரி கூறினாராம். அந்த நம்பிக்கை என்னவாயிற்று என்பதை நாம் அறிவோம்.

சாலை விபத்தில் முதுகு முறிந்தும் உயிர் தப்பியவர்களுள் உலகம் நன்கறிந்தவர் மெக்சிகோ நாட்டு ஓவியர் ஃபிரிடா காலோ. 1925 செப்டம்பர் 17 அன்று, டாக்டராக வேண்டும் என்னும் ஆசையோடு படித்துக்கொண்டிருந்த அந்தப் பதினெட்டு வயது மாணவி ஏறிவந்த பஸ்மீது டிராம் வண்டி மோதிற்று. இரும்புக் கைப்பிடிக் கம்பி உடலைத் துளைத்தது. முதுகுத்தண்டு மூன்று இடங்களில் முறிந்தது. மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தவருக்குப் படுத்தபடியே வரைவதற்கு ஒரு சட்டகமும், தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளத் தலைக்குமேல் ஒரு கண்ணாடியும் அமைத்துக் கொடுத்தார்கள். அவர் ஓவியரானது அந்தப் படுக்கையிலேதான். 1944இல் அவர் தீட்டிய 'முறிந்த தூண்' என்னும் ஓவியத்தில், முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் பல துண்டுகளாகச் சிதைந்த கல்தூண் ஒன்று நிற்கிறது. உடலை வார்ப்பட்டைகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. ஆணிகள் எங்கும் தைத்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத வலிக்கு நீதிமன்றங்கள் கேட்ட சான்றை அந்த ஓவியம் தருகிறது. அவர் நடக்க முடிந்தது; ஆனால் வலி 1954இல் அவர் இறக்கும்வரை உடனிருந்தது.

தண்டுவடமே சிதைந்தவர்களின் நிலை இதனினும் கொடியது. முதல் உலகப் போரில் அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர் ஹார்வி குஷிங் எழுதி வைத்த கணக்கின்படி, முதுகில் அடிபட்டு வடம் கெட்ட போர்வீரர்களில் நூற்றுக்கு எண்பது பேர் முதல் சில வாரங்களிலேயே இறந்தார்கள். அவர்களைக் கொன்றது முறிவு அன்று. உணர்வற்ற உடல் ஒரே பக்கமாகக் கிடக்கும்போது எலும்பு அழுத்தும் இடங்களில் இரத்த ஓட்டம் நின்று தோல் அழுகுகிறது. இதுவே படுக்கைப் புண். சிறுநீர் தேங்கிக் கிருமி பற்றுகிறது. இவ்விரண்டின் நஞ்சும் சேர்ந்தே அவர்களைக் கொன்றன. நமக்கெல்லாம் ஒரே பக்கமாய்ப் படுத்தால் உடல் நோகிறது. உறக்கத்திலேயே புரண்டு படுக்கிறோம். அவர்களுக்கு அந்த நோவும் இல்லை, புரளும் ஆற்றலும் இல்லை. வலியின்மையே அவர்களுக்கு எமனாயிற்று.

இந்த உண்மையை ஒரு பதினெட்டு வயது இளைஞன் கண்ணால் கண்டான். 1917இல் ஜெர்மனியின் சிலேசியா வட்டாரத்தில், சுரங்கத் தொழிலாளர் ஆஸ்பத்திரி ஒன்றில் அவன் ஏவலாளாக இருந்தான். முதுகு முறிந்த ஒரு சுரங்கத் தொழிலாளியைக் கொண்டுவந்து, திரையிட்டு மறைத்துப் படுக்க வைத்தார்கள். இவனைப் பற்றி அதிகம் எழுதி வைக்க வேண்டாம், சில வாரங்களில் இறந்துவிடுவான் என்றார்கள். நல்ல உடற்கட்டுள்ள அந்தத் தொழிலாளி ஐந்து வாரங்களில் இறந்தான். பார்த்துக்கொண்டிருந்த இளைஞனின் பெயர் லூட்விக் குட்மன்.

குட்மன் பின்னர் நரம்பியல் டாக்டரானார். யூதர் ஆகையால் நாஜி ஆட்சியில் பதவி இழந்து, 1939இல் குடும்பத்தோடு இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தார். போரில் முதுகு முறியப்போகும் வீரர்களுக்கென ஒரு தனிப்பிரிவு வேண்டும் என்று அரசாங்கம் கருதியபோது, அந்தப் பொறுப்பை ஏற்குமாறு அவரைக் கேட்டார்கள். நம்பிக்கையற்ற வேலை என்று பிறர் கருதியதை அவர் விரும்பி ஏற்றார். 1944 பிப்ரவரி 1 அன்று ஸ்டோக் மாண்டவில் என்னும் இடத்தில் அந்தப் பிரிவு தொடங்கிற்று. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் டொனால்டு மன்ரோ 1930களிலேயே இத்தகைய பணியைத் தொடங்கியிருந்தார். குட்மன் அதைப் பெருவழக்காக்கினார்.

அவர் கண்டுபிடித்த மருந்து என்ன? மருந்து ஒன்றும் இல்லை. நோயாளியை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை, இரவும் பகலும் தவறாமல், பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும் என்றார். முதுகை இறுக்கிய சாந்துக் கட்டுகளை நீக்கினார். அவற்றின் அடியில் புண் வளர்வதைக் காட்டினார். சிறுநீரைத் தூய முறையில் வெளியேற்றச் செய்தார். நள்ளிரவில் தாமே வந்து, நோயாளிகளைத் திருப்புகிறார்களா என்று பார்ப்பார். பென்சிலின் முதலிய மருந்துகள் அப்போது துணைக்கு வந்தன என்பது உண்மை; ஆனால் அழுத்தத்தால் வரும் புண்ணைத் திருப்பிப் படுக்க வைக்கும் கைகளே தடுத்தன. எகிப்தியச் சுவடியின் தீர்ப்பு இவ்வாறு மாற்றி எழுதப்பட்டது. கத்தியால் அன்று, பொறுமையால்.

மாற்றம் எங்கும் உடனே பரவிவிடவில்லை. இரண்டாம் உலகப் போரின் பேர்பெற்ற அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் பேட்டன், போர் முடிந்தபின் 1945 டிசம்பர் 9 அன்று ஜெர்மனியில் மான்ஹைம் நகருக்கு அருகே மோட்டாரில் சென்றார். இராணுவ லாரி ஒன்று குறுக்கே திரும்ப, வண்டி அதன்மேல் மோதிற்று. பெரு வேகம் இல்லை. உடனிருந்தவர்களுக்குப் பெருங்காயம் இல்லை. முன்னே எறியப்பட்டுத் தலை மோதிய பேட்டனுக்கோ கழுத்து முறிந்தது. பீரங்கிக் குண்டுகளுக்கிடையே பிழைத்த அவர், ஹைடல்பர்க் ஆஸ்பத்திரியில் கைகால் அசையாமல் கிடந்து, டிசம்பர் 21 அன்று மாண்டார். மிதவேகத்தில் நேரும் மோதலும் கழுத்தை முறிக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

உயிரைக் காத்தபின் குட்மனை எதிர்நோக்கி நின்றது மூன்றாவது தீர்ப்பு: பிழைத்தவன் எதற்குப் பயன்படுவான்? தச்சு வேலையும் கடிகாரம் பழுது பார்க்கும் வேலையும் கற்பித்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே ஆடும் ஆட்டங்களைப் பழக்கினார். 1948 ஜூலை 29 அன்று லண்டனில் ஒலிம்பிக் விளையாட்டுக்கள் தொடங்கிய அதே நாளில், தம் ஆஸ்பத்திரித் திடலில் 16 நோயாளிகளை வில்லெடுத்து அம்பு எய்யச் செய்தார். அந்தச் சிறு வித்தே 1960இல் ரோமாபுரியில் 23 நாடுகள் கலந்துகொண்ட பெருவிழாவாய் வளர்ந்து, பாராலிம்பிக் என்று பெயர் பெற்றது. 1972இல் அது ஹைடல்பர்க் நகரில் நடந்தது. பேட்டன் இறந்த அதே ஊர். 1965ஆம் ஆண்டுப் போரில் படுகாயமுற்ற நம் நாட்டுப் போர்வீரர் முரளிகாந்த் பேட்கர், அங்கே நீச்சல் போட்டியில் தங்கப் பதக்கம் வென்றார். இந்தியர் ஒருவர் பாராலிம்பிக்கில் பெற்ற முதல் தங்கம் அது.

இந்த வரலாற்றில் நம் தமிழ்நாட்டிற்கும் ஓர் ஏடு உண்டு. கேரளத்தில் பிறந்த மேரி வர்கீஸ், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து அங்கேயே டாக்டராகப் பணி செய்தார். 1954 ஜனவரியில் நண்பர்களோடு உல்லாசப் பயணம் சென்றபோது அவர்கள் ஏறிய மோட்டார் கவிழ்ந்தது. முகத்தில் பெருங்காயம், முதுகுத்தண்டு முறிந்து இரு கால்களும் செயலற்றன. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட நிரம்பவில்லை.

அறுவைச் சிகிச்சை நிபுணர் நின்றே பணி செய்ய வேண்டும் என்பது வழக்கம். அதே கல்லூரியில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திப் புகழ்பெற்றிருந்த டாக்டர் பால் பிராண்ட், கையில் செய்யும் சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாம் அல்லவா என்று எடுத்துக் கூறினார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளைச் சீர்ப்படுத்தினார். இங்கே நான் ஒன்றைச் சுட்ட விரும்புகிறேன். தொழுநோயாளரின் கைகால் அழுகுவது பெரும்பாலும் அந்த நோயின் நேர் விளைவு அன்று; வலி உணராமையால் காயப்படுத்திக் கொள்வதே காரணம் என்று கண்டு சொன்னவர் பிராண்ட். தண்டுவடம் கெட்டவருக்குப் படுக்கைப் புண் வருவதும் அதே காரணத்தால்தான். உணர்விழந்த கைகளுக்குச் சிகிச்சை செய்தவர் உணர்விழந்த கால்களை உடையவர். சமூகம் ஒதுக்கிய இரு வகையினர் அந்த அறையில் சந்தித்தார்கள்.

அவர் அத்துடன் நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் முதுகு முறிந்தோருக்கான சிகிச்சைப் பிரிவில் பயிற்சி பெற்றார். பின்னர் நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்டு ரஸ்க் நடத்திய மறுவாழ்வு நிலையத்தில் அந்தத் துறையையே கற்றுத் தேர்ந்தார். வேலூருக்குத் திரும்பி மறுவாழ்வு மருத்துவத் துறையைத் தலைமையேற்று நடத்தினார். 1966இல் அங்கே முதுகு முறிந்தவர்கள் தங்கிப் பயிலும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. படுக்கையிலிருந்து நாற்காலிக்குத் தாமே மாறுதல், தோலைத் தாமே சோதித்தல், கிராமத்து வீட்டின் வாசற்படியைக் கடத்தல், ஒரு கைத்தொழில் பழகுதல் ஆகியவையே இத்தகைய நிலையத்தின் பாடங்கள். 1972இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1986இல் அவர் மறைந்தார். நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மூன்றாவது தீர்ப்பும் பொய்யாயிற்று என்பதற்கு அந்த வாழ்க்கையே சாட்சி.

முறிவு நேராமல் தடுக்கும் முயற்சிகளும் கூடவே நடந்தன. ஆகாய விமானங்களுக்கு ஆசனம் அமைத்துப் பழகிய சுவீடன் நாட்டுப் பொறியாளர் நில்ஸ் போலின், 1959இல் வால்வோ கம்பெனிக்காகத் தோளையும் இடுப்பையும் சேர்த்து மூன்று முனைகளில் பிடிக்கும் சீட் பெல்ட்டை உருவாக்கினார். எந்தக் கம்பெனியும் அதைப் பயன்படுத்தலாம் என்று அந்த உரிமை பொதுவாக விடப்பட்டது. அதற்குமுன் இருந்த பட்டை இடுப்பை மட்டுமே பிடித்தது. மோதும்போது உடல் அந்தப் பட்டையின்மேல் மடிந்து முள்ளெலும்பு குறுக்கே பிளந்தது. 1948இல் சான்ஸ் என்னும் ஆங்கில டாக்டர் விவரித்த அந்த முறிவு, பிற்காலத்தில் இடுப்புப் பட்டையின் முறிவு என்றே பேர்பெற்றது. தோளையும் பிடித்ததும் அது குறைந்தது. 1970இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் சீட் பெல்ட் அணிவதைச் சட்டமாக்கிற்று.

பின்னாலிருந்து வண்டி மோதினால் வேறு கேடு. உடல் இருக்கையோடு முன்னே தள்ளப்படுகிறது, தலை பின்தங்குகிறது, கழுத்து சாட்டை போல் சுண்டப்படுகிறது. 1928இல் அமெரிக்க டாக்டர் ஹரோல்டு குரோ இதற்குச் சாட்டையடிக் காயம் என்று பெயரிட்டதாகக் கூறுவர். எக்ஸ் கதிர்ப் படத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை. உடனே பழைய வழக்கு மீண்டும் எழுந்தது: இவர் உண்மையாகத் துன்புறுகிறாரா, நஷ்டஈட்டுக்காக நடிக்கிறாரா? இரயில் முதுகின் பேரப்பிள்ளை இது எனலாம். 1969 முதல் அமெரிக்காவில் புதிய கார்களில் தலைதாங்கி கட்டாயமாயிற்று. தலைக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் அந்தச் சிறு மெத்தையை அலங்காரம் என்று எண்ணிக் கீழே தாழ்த்தி விடுபவர்கள், கழுத்தைக் காக்கும் கருவியைக் கழற்றியவர்களே ஆவர்.

நம் நாட்டில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 4,61,312 சாலை விபத்துக்கள் நேர்ந்து 1,68,491 பேர் மாண்டதாக மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. காயமடைந்தோர் 4,43,366 பேர். அவர்களுள் முதுகு முறிந்தவர்கள் சாலையோரத்தில் கிடக்கும் சில நிமிடங்களே அவர்களுடைய எஞ்சிய வாழ்வைத் தீர்மானிக்கின்றன. இரக்கத்தால் நாம் செய்யும் காரியமே கேடாக முடிவதுண்டு. ஒருவர் தோளைப் பிடிக்க, மற்றொருவர் காலைப் பிடிக்க, நடுவுடல் தொய்ய அவரைத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைக்கிறோம். எலும்பு மட்டுமே முறிந்திருந்த இடத்தில் அப்போது வடமும் அறுபடக்கூடும்.

செய்ய வேண்டியது எளிது. 108க்குச் சொல்லி அனுப்புங்கள். தீயோ வேறு அபாயமோ இல்லையெனில் அவரை அசைக்காதீர்கள். தலையை இரு கைகளாலும் அசையாது தாங்கிப் பிடித்துப் பேச்சுக் கொடுங்கள். நகர்த்தியே தீரவேண்டும் என்றால், பலர் சேர்ந்து, தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்படி, உருட்டுவது போல் திருப்பிப் பலகையில் ஏற்றுங்கள். சுசுருதரின் கதவுப் பலகை அங்கே மீண்டும் வேலைக்கு வருகிறது. உதவி செய்தால் போலீசு, கோர்ட்டு என்று அலைய நேரும் என்ற அச்சமும் இனி வேண்டியதில்லை. 2016இல் உச்ச நீதிமன்றமும், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் அத்தகைய நல்லோருக்குப் பாதுகாப்பு அளித்துள்ளன. விபத்துக்கு உள்ளானவருக்கு முதல் 48 மணி நேரத்தில் செலவின்றிச் சிகிச்சை தரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது.

அறுந்த தண்டுவடத்தை முன்போல் கூட்டுவிக்கும் வழியை விஞ்ஞானம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அதற்கான ஆராய்ச்சிகள் நடந்த வண்ணம் இருக்கின்றன. அது கைகூடும் நாள் வரையில் நம்மிடம் உள்ளவை, தூக்கும்போது காட்டும் எச்சரிக்கையும், இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பும் கைகளும், சக்கர நாற்காலி ஏறத்தக்க ஒரு சரிவுப் பாதையுமே. பள்ளிக்கூடத்தின் வாசலிலும், ரேஷன் கடையின் முன்னும், தாலுகா ஆபீஸின் படியிலும் அந்தச் சரிவுப் பாதை இல்லையென்றால், டாக்டர்கள் உயிரோடு அனுப்பி வைத்தவரை நாம் வாசலிலேயே நிறுத்திவிடுகிறோம். மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக நிலைத்த தீர்ப்பை ஸ்டோக் மாண்டவிலும் வேலூரும் மாற்றிக் காட்டின. அந்த மாற்றம் நம் தெருவரையில் வந்து சேர்வது நம்முடைய பொறுப்பு.